கரீபியன் க்ரூஸ்: காசு கப்பலுக்கா, தீவுக்கா?

கேள்வி, 2025 மே 5

டாலஸில் இருக்கிறோம். ஆகஸ்டில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். மயாமியிலிருந்து கிளம்பும் ஏழு இரவு க்ரூஸ் ஒன்று ரொம்பக் குறைந்த விலைக்குக் காட்டுகிறது. ஒரே வாரத்தில் நாலு தீவு பார்த்துவிடலாம், சாப்பாடும் தங்கும் இடமும் அதிலேயே அடக்கம், விமானத்தில் போய் ஓட்டலில் தங்குவதைவிட இதுதான் லாபம் என்பது என் கணக்கு. அப்பா, அம்மா சுத்த சைவம். எனக்கு எச்-1பி வேலை விசா, பாஸ்போர்ட்டில் அதன் முத்திரை (ஸ்டாம்பிங்) காலாவதி ஆகிவிட்டது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள், என்ன எதிர்பார்க்கலாம்?

பதில், மே 5, இரவு

"நாலு தீவு பார்த்துவிடலாம்" என்ற இடத்தில்தான் கணக்கு இடிக்கிறது. கப்பல் காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் நிற்கும். வரிசையில் நின்று, அட்டையைக் காட்டி, பெரியவர்களைக் கைபிடித்து இறக்கி வெளியே வர ஒன்பதரை. ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்புகிறது என்றால் நாலரைக்கு எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். நடுவில் சாப்பாடு, டாக்ஸிக்காரரிடம் பேரம், வெயில். மிஞ்சுகிற நேரத்தில் ஒரு கடற்கரையோ ஒரு கோட்டையோ பார்க்கலாம், அவ்வளவுதான்.

நீங்கள் காசு கொடுப்பது கப்பலுக்கு. அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் சந்தோஷமாகத் திரும்புகிறார்கள். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓட ஆரம்பித்த 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் 20 தளங்கள், 7,600 பயணிகள் வரை ஏறலாம். நீர்ச்சறுக்கு, பனிச்சறுக்கு அரங்கம், நாடகம், நீச்சல்குளம் எல்லாம் உள்ளேயே. அந்த மாதிரிக் கப்பலில் வருகிற பிள்ளைகள் இன்றைக்கு எந்தத் தீவில் நிற்கிறோம் என்று கேட்பதுகூட இல்லை. வயதானவர்களுக்கோ தினமும் பெட்டி கட்டி அவிழ்க்காமல் ஊர் மாறுவதே பெரிய சுகம். என் மாமியார் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்தார். அவருக்கு அதுதான் கரீபியன்.

மே 6

விலையைப் பற்றிப் பேசும் முன் விசா. காலாவதியான ஸ்டாம்பிங்கோடு எச்-1பி-காரர் இந்தக் கப்பலில் ஏறவே கூடாது. கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் திரும்பினால் பழைய விசாவோடு உள்ளே விடும் ஒரு சலுகை உண்டு, அதைத்தான் நிறையப் பேர் கேள்விப்பட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பக்கத்துத் தீவுகளுக்கும் அந்தச் சலுகை எஃப், ஜே விசா மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்தான். எச்-1பி-க்கு இல்லை. பஹாமாஸ் எட்டிப் பார்க்கிற தூரம்தான், ஆனால் காலை வைத்தால் வெளிநாடு.

அப்பா, அம்மாவுக்குப் பல முறை நுழையும் அமெரிக்க விசா இருக்கிறதா என்று பாருங்கள். பி-2 என்ற சுற்றுலா விசா பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும், இருந்தாலும் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழோடு போகலாம் என்று இணையத்தில் எழுதியிருப்பதெல்லாம் அமெரிக்கக் குடிமக்களுக்கு, அதுவும் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்துக்கு மட்டும். ஒவ்வொரு தீவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று க்ரூஸ் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் நின்று வாதாட முடியாது, ஏற்ற மாட்டேன் என்றால் பணமும் திரும்பாது.

மே 6, பிற்பகல்

ஆகஸ்ட் ஏன் மலிவு என்று யோசித்தீர்களா? சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை, குறிப்பாக செப்டம்பர் இரண்டாம் வாரம். அதற்காகக் கப்பல் புயலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். புயலைவிடக் கப்பல் வேகம், கேப்டன் விலகிப் போய்விடுவார். பிரச்சினை வேறு: நீங்கள் பணம் கட்டிய ஊர் மாறிவிடும். கிழக்கே போக வேண்டிய கப்பல் மேற்கே திரும்பும். செயின்ட் தாமஸுக்காக வாங்கிய நீச்சல் உடையோடு மெக்சிகோவின் கோசுமெலில் நிற்பீர்கள். ஒப்பந்தத்தில் அந்த உரிமை அவர்களுக்கு எழுதியே இருக்கிறது. போகாமல் விட்ட துறைமுகத்தின் வரியை மட்டும் கணக்கில் திருப்பிப் போடுவார்கள்.

புயல்கூட வேண்டாம், காற்று போதும். எங்களுக்கு கிராண்ட் கேமனில் அதுதான் ஆயிற்று. அங்கே பெரிய கப்பல் அணையத் துறை கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போடும், சின்னப் படகுகளில் ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப் போவார்கள். அலை கொஞ்சம் தூக்கியது, படகை விட மாட்டோம் என்றார்கள். தீவு கண்ணுக்கு எதிரே, இறங்க முடியாது. போன வாரம்தான், ஏப்ரல் 30 அன்று, அந்தத் தீவில் க்ரூஸ் துறை கட்டலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊர்க்காரர்களின் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான்.

மே 7

சைவம் பற்றிக் கேட்டவருக்கு: பட்டினி கிடக்க மாட்டார்கள். பெரிய டைனிங் ரூமில் பெரும்பாலும் தினமும் இந்திய சைவம் ஒன்று இருக்கும். முதல் நாள் இரவே தலைமைப் பரிசாரகரைப் பிடித்து, நாளைக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சமையலறையில் இந்தியர்கள் உண்டு, பருப்பும் சாதமும் உருளைக்கிழங்கும் வந்துவிடும். காரம் கேட்டால் தனியாகக் கிண்ணத்தில் பச்சை மிளகாய் வெட்டித் தருவார்கள். இட்லி எதிர்பார்க்காதீர்கள். பஃபேயில் 'கறி' என்று எழுதியிருந்தால் உள்ளே என்ன என்று கேட்டபிறகு போடுங்கள். கடையில் வாங்கிய சீல் பிரிக்காத ஊறுகாய், தட்டை, முறுக்கை யாரும் தொடவில்லை.

மே 7, இரவு

ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். போகக் கூடாது! சூடாகும் சாமான் பெரும்பாலும் கேபினுக்குள் வரக் கூடாது. அயர்ன் பாக்ஸ், கெட்டில், குக்கர், சிலவற்றில் எக்ஸ்டென்ஷன் வயர்கூட. கப்பலில் தண்ணீரைவிட நெருப்புக்குத்தான் பயம். பெட்டியை ஸ்கேன் செய்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். என் பெரியம்மா பட்டுப் புடவைக்குள் சுற்றி ஒரு குட்டிக் குக்கர் கொண்டுவந்திருந்தார். அவர் பெட்டி மட்டும் கேபினுக்கு வரவில்லை. தேடிப் போனால் ஒரு கீழ்த்தள அறை, பறிமுதல் சாமான்களின் கண்காட்சி, நடுவில் பெரியம்மாவின் குக்கர். "சாதம் வைக்கத்தானே" என்று அந்தப் பிலிப்பைன்ஸ் பையனிடம் தமிழிலேயே வாதாடினார். அவன் சிரித்துக்கொண்டே ரசீது கொடுத்தான். கடைசி நாள் காலை பத்திரமாகத் திருப்பித் தந்தார்கள்.

மே 9

எல்லாம் அடக்கம் என்ற கணக்குக்கு வருகிறேன். அடக்கம் இல்லாதவை:

டிப்ஸ். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. நாலு பேர், ஏழு இரவு என்றால் சுமார் 500 டாலர். வைஃபை தனி. சோடா, மது தனி. மொத்தமாகக் காசு கட்டிக் குடிக்கும் மதுப் பொதியை (டிரிங்க்ஸ் பேக்கேஜ்) பெரும்பாலான நிறுவனங்களில் ஒரே கேபினில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும், ஒருவர் வாங்கி நாலு பேர் குடிக்கும் நம் தந்திரம் அங்கே ஓடாது. தீவில் இறங்கிச் சுற்றும் எக்ஸ்கர்ஷன் தனி. மயாமிக்கு விமானம், முந்தைய இரவு ஓட்டல் தனி. அன்று காலை விமானத்தில் வந்து மதியம் கப்பல் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

நீங்கள் டாலஸில்தானே இருக்கிறீர்கள். காரில் ஐந்து மணி நேரத்தில் கால்வெஸ்டன் துறைமுகம். அங்கிருந்தும் கப்பல்கள் கோசுமெல், ரோவாட்டன், கோஸ்டா மாயா என்று கரீபியனின் மேற்குப் பக்கம் போகின்றன. எல்லோருக்கும் விமானச் சீட்டு மிச்சம். ஜனவரி, பிப்ரவரியில் அங்கே பனிமூட்டத்தில் கால்வாயை மூடிக் கப்பல் மணிக்கணக்கில் வெளியே நிற்பது உண்டு, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

மே 9, பின்னிணைப்பு

போனை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். ஏறியவுடன். கப்பலின் சொந்த செல்போன் கோபுரத்தில் போன் தானாக ஒட்டிக்கொள்ளும். என் மனைவி ஒரு வாட்ஸப் குடும்பக் குழுவின் காலை வணக்கப் படங்களுக்குக் கொடுத்த விலையை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

மே 11

டிப்ஸை நீக்கச் சொல்லி வாடிக்கையாளர் சேவையில் கேட்கலாம், நீக்குவார்கள் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். நீக்குவார்கள்தான். நான் நீக்க மாட்டேன். கேபினைத் துடைக்கிறவரும் பரிமாறுகிறவரும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், வார விடுமுறை இல்லாமல் வேலை செய்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் எங்கள் மேசைக்கு வந்தான். மகள் பிறந்ததை வீடியோ அழைப்பில்தான் பார்த்தானாம். பஹாமாஸ், பனாமா என்று ஏதோ ஒரு நாட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு ஓடுவதால் அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்குப் பெரிதாகத் துணை வராது. டிக்கெட் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொடி என்றதும் இன்னொன்று. எல்லாப் பயணத்திலும் பஹாமாஸின் தலைநகர் நாசாவ் எதற்கு வருகிறது, போரடிக்கிறது என்று ஒருவர் புலம்பியிருக்கிறார். 1886-இல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம் காரணம். வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல் அமெரிக்காவில் ஏற்றிய பயணிகளை, வேறு நாட்டைத் தொடாமல், அமெரிக்காவிலேயே திரும்ப இறக்கக் கூடாது. ஃப்ளோரிடாவுக்குப் பக்கத்து வெளிநாடு பஹாமாஸ். நாசாவில் இப்போது ஒரே நேரத்தில் ஆறு கப்பல்கள் நிற்கலாம். ஆறும் நிற்கிற நாளில் இறங்கிப் பாருங்கள், ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறுதான்.

மே 12

தனியார் தீவுகள்: கோகோகே, ஹாஃப் மூன் கே, காஸ்டவே கே. எல்லாம் க்ரூஸ் நிறுவனங்கள் நடத்துபவை. சுத்தமான மணல், கப்பல் சாப்பாடு, கப்பல் ஆட்கள். கையில் குழந்தை இருந்தால் இதைவிட நல்ல நாள் அமையாது. ஊர் என்று எதுவும் இல்லை, யாரும் குடியிருக்கவில்லை. ஹெய்ட்டியில் லபாடீ என்று ஒன்று உண்டு. வேலி போட்ட ஒரு முனை, அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பயணிகளுக்குத் தெரியவே தெரியாது. அந்த நாட்டின் கலவரத்தால் சமீபத்தில் கப்பல்கள் அங்கே போவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மே 14

இந்த இழை எங்கேயோ போய்விட்டது, பெர்முடா முக்கோணம் பற்றி மூன்று கேள்விகள். மயாமியிலிருந்து போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் போகிற எல்லாக் கப்பலும் அதன் வழியாகத்தான் போகிறது. அங்கே காணாமல் போனது ஒன்றே ஒன்று, என் மைத்துனரின் கேஸினோ பணம். (கேஸினோ கப்பல் கரையில் நிற்கும்வரை மூடியிருக்கும். கடல் எல்லையைத் தாண்டியதும் திறக்கும். அவர் கதவருகே நின்று காத்திருந்தார்.)

மே 15

உடம்பு விஷயம். குமட்டல் வருகிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள். உச்சித் தளத்தில் முன்மூக்கில் பால்கனி என்று மயங்கினால் ஊஞ்சல் அங்கேதான் அதிகம். மாத்திரை போடுவதானால் ஆட்டம் தொடங்கும் முன் போட வேண்டும்.

வாந்தி, பேதி தரும் நோரோவைரஸ் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். வாசலில் கைக்கு அடிக்கும் ஆல்கஹால் திரவம் அந்தக் கிருமிக்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், முடிந்தது. கப்பல்களை அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி சொல்லாமல் வந்து சோதித்து 100-க்கு மதிப்பெண் போடும், 85 அல்லது குறைவென்றால் தோல்வி. பட்டியல் வெளியில் கிடைக்கிறது, பதிவு செய்யும் முன் பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஊரிலிருந்து எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ் கப்பலில் செல்லுமா என்று படித்துப் பாருங்கள். பலவற்றில் செல்லாது. கப்பல் டாக்டர் காட்டியவுடன் கணக்கில் ஏற்றிவிடுவார். ஹெலிகாப்டரில் தூக்க வேண்டி வந்தால் வீட்டை விற்க வேண்டும். அதற்கென்று தனிப் பயணக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மே 15, இரவு

பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்கலாமா? கூடாது. முன்பெல்லாம் ஏறிய மறுநாள்கூட நடத்துவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே ஆகியிருக்கவில்லை. அதன்பிறகுதான் கிளம்பும் முன்பே என்று விதி வந்தது. இப்போது பாதியைப் போனிலேயே பார்த்துவிட்டு, ஆபத்து வந்தால் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்குப் போய்த் தலையைக் காட்டினால் போதும்.

மே 18

கப்பலை விட்டுவிடுவோமா என்ற பயம். கப்பல் நேரம் வேறு, தீவு நேரம் வேறு. கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆகஸ்டில் மயாமியில் மணி ஐந்து என்றால் அங்கே நாலு. கப்பல் மயாமி நேரத்திலேயே இருக்க, உங்கள் போன் தானாகத் தீவு நேரத்துக்கு மாறியிருந்தால், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று பேரம் பேசிக்கொண்டிருப்பீர்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். க்ரூஸ் நிறுவனம் விற்கும் எக்ஸ்கர்ஷன் விலை அதிகம், ஆனால் அவர்கள் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தொலைவான இடத்துக்கு அவர்களோடு, பக்கத்துக் கடற்கரைக்கு டாக்ஸியில் என்பது எங்கள் வழக்கம்.

மே 21

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கப்பலுக்குத்தான் காசு என்பது மயாமியிலிருந்து ஏறும் ஏழு இரவுப் பயணங்களுக்குச் சரி. தெற்குப் பாதைக்கு அந்த வாக்கியம் கொஞ்சம் கடுமை. சான் ஹுவானிலோ பார்படோஸிலோ ஏறினால் கப்பல் சிறிது, கடலில் சும்மா போகும் நாட்கள் குறைவு, தினமும் ஒரு தீவு. டொமினிக்காவில் அருவியும் வெந்நீர் ஊற்றும், செயின்ட் லூசியாவில் பிட்டன் சிகரங்கள், குராசாவில் 1888 முதல் மிதக்கும் பாலம். அரூபாவும் குராசாவும் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் ஆகஸ்டில் போயே ஆக வேண்டும் என்றால் அந்தப் பக்கம் பாருங்கள்.

எனக்கு மறக்காதது மார்த்தினிக். பிரான்சின் மண் அது, இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசாவை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். துறைமுகத்தில் இறங்கியவர்கள் பாதிப்பேர் ரம் ஆலைக்குப் போனார்கள். நாங்கள் வண்டி பிடித்து வடக்கே சென் பியேருக்குப் போனோம். 1902 மே 8 காலை பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் சுமார் 28,000 பேர் செத்த ஊர். தடித்த சுவர் கொண்ட சிறைக்குள் இருந்த கைதி ஒருவன் பிழைத்தான், அந்தக் கொட்டடி இன்னும் இருக்கிறது, குனிந்து உள்ளே போகலாம்.

அந்த மலைக்கு அப்பால் பாஸ்-புவான்ட் என்ற கரும்பு ஊர். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த முப்பது வருடங்களில் புதுச்சேரி, காரைக்கால் வழியாக வந்தவர்கள் சுமார் 25,000 பேர், அதில் பெரும்பகுதி தமிழர்கள். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பிரெஞ்சும் கிரியோல் என்ற கலப்பு மொழியும் பேசுகிறார்கள். மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் கோயில் இருக்கிறது, கிடா வெட்டு நடக்கிறது. தீவின் தலைநகர் ஃபோர்-டி-ஃபிரான்ஸ் சந்தையில் மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு அரைத்த பொடியைப் பொட்டலம் கட்டி விற்றார்கள், அதில் செய்யும் குழம்புதான் அந்தத் தீவின் விருந்துச் சாப்பாடு. விற்ற அம்மாளுக்கு எங்கள் அத்தை முகம். நாங்கள் ஒரு பேச்சு, அவர் ஒரு பேச்சு, இரண்டு பக்கமும் புரியவில்லை. கூடுதலாக ஒரு பொட்டலம் போட்டுக் கொடுத்தார்.

இப்படி ஒரு நாளுக்கு அந்த நாலைந்து மணி நேரம் போதவே போதாது. அதனால் முதல் நாள் சொன்னதை முழுக்கக் கைவிடவும் மனமில்லை.

மே 22

சிலவற்றை மறந்துவிட்டேன். ராணுவ உடை போன்ற புள்ளிச் சட்டையைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள், பார்படோஸ், செயின்ட் லூசியா, ஜமைக்கா போன்ற பல தீவுகளில் சட்டப்படி குற்றம். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் பவளப்பாறைக்குக் கெடுதல் என்று சிலவகை சன்ஸ்கிரீனை 2020 முதல் தடை செய்திருக்கிறார்கள், டப்பாவின் பின்பக்கம் 'ஆக்ஸிபென்ஸோன்' இருக்கிறதா பாருங்கள். கோஸ்டா மாயாவில் வசந்தம், கோடை இரண்டிலும் சர்காசம் என்ற கடற்பாசி குவிந்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சின்ட் மார்டனில் விமானம் தலைக்கு மேல் இறங்கும் மாஹோ கடற்கரைக்குப் போங்கள், ஆனால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விளையாட்டு வேண்டாம். 2017-இல் ஜெட் காற்று தள்ளி ஒருவர் இறந்தார். அந்தத் தீவின் நகைக்கடைகளில் பலதும் சிந்திக்காரர்களுடையது. "இந்தியாவா?" என்று அன்பாகக் கூப்பிட்டால் பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மே 26

கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்: ஸ்டாம்பிங் முடிந்தபின், டிசம்பர் முதல் இரண்டு வாரத்தில், கால்வெஸ்டனிலிருந்து. நல்ல முடிவு. புயல் காலம் முடிந்திருக்கும், கிறிஸ்துமஸ் விலை ஏறியிருக்காது. அப்பாவுக்கு முழங்கால் வலி என்றீர்களே, லிஃப்டுக்குப் பக்கத்துக் கேபின் கேளுங்கள், ஆனால் லிஃப்டை ஒட்டியது வேண்டாம், இரவு முழுக்கச் சத்தம். சக்கர நாற்காலி துறைமுகத்தில் ஏற, இறங்க இலவசம், முன்னாடியே சொல்லி வையுங்கள்.

'ஃபார்மல் நைட்' என்றால் கோட்டு சூட்டு கட்டாயமா என்றும் கேட்டிருக்கிறார். இல்லை. அம்மா பட்டுப்புடவையில் வரட்டும், அப்பா வேட்டி சட்டையில் வரட்டும். புகைப்படக்காரர்கள் துரத்தித் துரத்தி எடுப்பார்கள், பிரதி ஒன்றுக்கு விலை இருபது டாலருக்கு மேல் சொல்வார்கள். உங்கள் போனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.